பொருளடக்கத்தைத் தொட்டால் சரியான பக்கம் வரவேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் செய்து பார்க்க ஆசைப்படும் வேலைகளில் ஒன்று, வீட்டிலேயே ஒரு சிறு புத்தகம் தயாரிப்பது. தாத்தாவின் நினைவுகள், அம்மாவின் சமையல் குறிப்புகள், கோயில் மலர் என ஏதாவது ஒன்று. டைப் செய்வதும் படம் சேர்ப்பதும் எளிதாகவே முடிந்துவிடும். தலைவலி தொடங்குவது பொருளடக்கத்தில்தான். பக்க எண் மாறிப்போகும், புள்ளி வரிசை கோணலாகும், போனில் பி.டி.எப். பைலாகத் திறந்து தலைப்பைத் தொட்டால் ஒன்றும் நடக்காது, அல்லது வேறெங்கோ போய் நிற்கும். இந்தப் பிரச்சினைகள் ஏன் வருகின்றன, எப்படிச் சரிசெய்வது என்று இந்த மாதம் பார்ப்போம். இதில் நானே ஒரு தவறு செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த தவறு

புதுச்சேரியில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் பிரான்சில். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, குடும்பக் கதையை 176 பக்கங்களில் எழுதி, ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துப் பக்கம் வடிவமைத்து வாங்கினார். அச்சுக்குப் போகும் முன் பி.டி.எப். பைலைப் பிரான்சில் இருப்பவர்களுக்கு அனுப்பச் சொன்னார். அதில் பொருளடக்கம் வெறும் எழுத்தாக இருந்தது. தொட்டால் போகாது. "நீதான் இன்ஜினியராச்சே, இதைச் சரி பண்ணு" என்று என்னிடம் கொடுத்தார்.

நான் குறுக்கு வழியில் போனேன். தலைப்புகளையும் பக்க எண்களையும் பட்டியலாக எழுதி, அந்தந்தப் பக்கத்துக்கு இணைப்பு போடும் சிறு புரோகிராம் ஒன்றை எழுதினேன். பத்து நிமிட வேலை. நன்றாகவே ஓடியது. பிறகு பெரியப்பா முன்பக்கத்தில் 8 பக்கங்களுக்குப் பழைய போட்டோக்கள் சேர்க்கச் சொன்னார். கடைக்காரர் அவற்றுக்குப் பக்க எண் போடாமல் சேர்த்துப் புதிய பைல் கொடுத்தார். நான் பட்டியலைத் திருத்தாமல் அதே புரோகிராமை ஓட்டி, பைலை அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் என் அத்தை போன் செய்தார். எண்பது வயதைத் தாண்டியவர், பார்வை மங்கல். எழுத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகத்தான் படிப்பார். இறந்துபோன மாமாவைப் பற்றிப் பெரியப்பா ஒரு அத்தியாயம் எழுதியிருந்தார். அதைத்தான் அத்தை முதலில் தேடியிருக்கிறார். 112ஆம் பக்கம் என்று போட்டிருந்த தலைப்பைத் தொட்டதும், வேறு யாரோ வீடு கட்டிய கதை நடுவிலிருந்து வந்திருக்கிறது. இரண்டு முறை பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

"அண்ணன் அவரைப் பத்தி எழுதினதாச் சொன்னாரே தம்பி. அப்புறம் வேண்டாம்னு எடுத்துட்டாரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தியாயம் அங்கேயேதான் இருந்தது, எட்டுப் பக்கம் தள்ளி. ஆனால் அவர் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். இணைப்பு தவறினால் கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. படிப்பவர் புத்தகத்தையோ எழுதியவரையோதான் சந்தேகிப்பார்.

பக்க எண் வேறு, இடம் வேறு

இங்கே புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்றுதான். ஒரு பக்கத்துக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று, தாளின் அடியில் அச்சாகும் எண். மற்றொன்று, பைலின் முதல் பக்கத்திலிருந்து எண்ணினால் வரும் எண். முன்பக்கங்களுக்கு எண் போடாவிட்டால் இந்த இரண்டும் வேறுபடும். என் பைலில் அச்சான எண் 112, பைலில் அதன் இடம் 120. என் புரோகிராம் பைலின் 112ஆம் பக்கத்துக்கு அனுப்பியது.

சரியான முறையில் செய்த இணைப்பு எண்ணை நம்பியிருக்காது. தலைப்பு இருக்கும் இடத்தையே பிடித்துக்கொள்ளும். முன்னால் எத்தனை பக்கம் சேர்த்தாலும் தலைப்போடு சேர்ந்து அதுவும் நகரும். அப்படிச் செய்ய வேண்டுமானால், எது தலைப்பு என்பதை சாப்ட்வேருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கான வழிதான் ஸ்டைல்.

பழைய ஃபாண்ட் தந்த சிக்கல்

பைலைத் திறந்து பார்த்தபோது இன்னொரு பிரச்சினையும் தெரிந்தது. கடையில் பயன்படுத்தியது பேஜ்மேக்கர். 1985ல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட இந்த சாப்ட்வேர், 1994ல் ஆல்டஸை அடோபி வாங்கியபோது அதன் கைக்கு வந்தது. 2001ல் வந்த 7.0தான் கடைசிப் பதிப்பு. 2004ல் இனிப் புதிய பதிப்பு இல்லை என்று அடோபி அறிவித்துவிட்டது. அப்படியும் கைப்பழக்கத்தால் அதை விடாதவர்கள் உண்டு.

பேஜ்மேக்கரில் யூனிகோட் தமிழ் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்த பழைய ஃபாண்ட்களே அதில் ஓடும். கண்ணுக்குத் தமிழ், பைலுக்குள்ளே ஆங்கில எழுத்தும் குறிகளும். அதனால்தான் பி.டி.எப். பைலில் இடப்பக்கம் வரும் புக்மார்க் பட்டியலில் தமிழ்த் தலைப்புக்குப் பதிலாகப் புரியாத குறிகள் வரிசையாக வருகின்றன. அந்தப் பட்டியல் நம் ஃபாண்டைப் பயன்படுத்தாது. கம்ப்யூட்டரில் உள்ள ஃபாண்டில்தான் காட்டும். தேடினாலும் ஒரு சொல் கிடைக்காது.

எனவே முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் பழைய எழுத்தை ஒட்டி, அது எந்த ஃபாண்ட் வகை என்று தேர்ந்தெடுத்தால் யூனிகோடில் கிடைக்கும். மாற்றியபின் இரண்டு இடங்களைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஒன்று, 'கௌ' போன்ற எழுத்துகள். பலர் ஒற்றைக் கொம்பு போட்டுப் பின்னால் 'ள' அடித்திருப்பார்கள். அது பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் தேடும்போது கிடைக்காது. இரண்டு, கால் போட வேண்டிய இடத்தில் 'ர' அடித்திருப்பது. இவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த முடியும்.

மாற்றிய எழுத்தை நான் லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் கொண்டுவந்தேன். இது இலவசம், யூனிகோட் தமிழை நன்றாகக் கையாளும். வீட்டில் புத்தகம் செய்பவர்களுக்கு இதுவே போதும். இனி ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: தமிழுக்கு வழி செய்யுங்கள்

'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்' திறந்து, மொழிகளுக்கான பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதற்கு டிக் கொடுத்து, மொழியாகத் தமிழைத் தேர்வு செய்யுங்கள். தமிழ் ரைட்டரின் கணக்கில் 'காம்ப்ளெக்ஸ்' வகை. ஆங்கிலம் 'வெஸ்டர்ன்' வகை. இரண்டுக்கும் ஃபாண்ட், அளவு எல்லாம் தனித்தனி. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் பெரிதும் பயன்படும்.

படி 2: தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுங்கள்

தலைப்பைத் தேர்வு செய்து போல்டாக்கி, அளவைக் கூட்டி, நடுவில் வைத்தால் நமக்கு அது தலைப்பு. ரைட்டருக்கு அது கொஞ்சம் தடித்த சாதாரண வரி. பொருளடக்கத்தில் அது வரவே வராது.

கர்சரை அத்தியாயத் தலைப்பில் வைத்து கண்ட்ரோல் கீயுடன் 1 அழுத்துங்கள். 'ஹெடிங் 1' ஸ்டைல் வந்துவிடும். உள்தலைப்புக்குக் கண்ட்ரோலுடன் 2. உதாரணமாக, 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் பதிப்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு 'ஹெடிங் 1', மாதம் 'ஹெடிங் 2', தேதி 'ஹெடிங் 3'. இப்படி மட்டம் பிரித்துவிட்டால், பொருளடக்கத்தில் ஆண்டும் மாதமும் மட்டும் வந்தால் போதும் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே கையால் செய்த அலங்காரம் ஸ்டைலை மறைத்துக்கொண்டிருந்தால், அந்த வரியைத் தேர்வு செய்து, 'ஃபார்மட்' மெனுவில் 'கிளியர் டைரக்ட் ஃபார்மட்டிங்' கொடுங்கள். எல்லாம் முடிந்ததும் எப்5 கீயை அழுத்தினால் 'நேவிகேட்டர்' வரும். அதில் எல்லாத் தலைப்புகளும் வரிசையாகத் தெரியவேண்டும். அங்கே இல்லாத தலைப்பு பொருளடக்கத்திலும் இருக்காது. முழுப் பத்தி ஒன்று அங்கே தலைப்பாக நின்றால், அந்தப் பத்திக்குத் தவறுதலாக ஹெடிங் ஸ்டைல் போயிருக்கிறது. அதை 'பாடி டெக்ஸ்ட்' ஆக்குங்கள்.

படி 3: பொருளடக்கத்தைச் சேருங்கள்

பொருளடக்கம் வரவேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, 'இன்சர்ட்' மெனுவில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் அண்டு இண்டெக்ஸ்' வழியாக உள்ளே போனால் ஒரு டயலாக் பாக்ஸ் திறக்கும். 'டைப்' பக்கத்தில் தலைப்பாகப் 'பொருளடக்கம்' என்று தமிழில் அடியுங்கள். எத்தனை மட்டம் வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லலாம். சிறு புத்தகத்துக்கு 2 போதும்.

பொருளடக்கம் முன்னால்தான் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. 1827ல் தொடங்கிய எங்கள் ஊர் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களை எடுத்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவேன். பிரெஞ்சு வழக்கப்படி பெரும்பாலும் பொருளடக்கம் அங்கேதான் இருக்கும். கர்சர் எங்கே இருக்கிறதோ அங்கே ரைட்டர் போட்டுத்தரும்.

படி 4: இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்

அதே டயலாக் பாக்ஸில் 'என்ட்ரீஸ்' பக்கத்துக்குப் போங்கள். 'ஸ்ட்ரக்சர்' என்ற வரியில் சிறு சிறு பட்டன்கள் இருக்கும். 'இ' என்பது தலைப்பின் எழுத்து. 'டி' என்பது புள்ளி வரிசை வரும் டேப். '#' என்பது பக்க எண். முதலில் 'எல்.எஸ்', கடைசியில் 'எல்.இ' இருக்கவேண்டும். இணைப்பு தொடங்கும் இடமும் முடியும் இடமும் இவைதான். இந்த இரண்டும் இல்லாவிட்டால் தொட்டால் எங்கும் போகாது. லிப்ரே ஆபிஸில் புதிதாகச் செய்தால் இவை தானாகவே இருக்கும். பழைய ஓபன் ஆபிஸில் செய்த பைல்களில் பெரும்பாலும் இருக்காது.

இல்லையென்றால், 'இ'க்கு முன்னால் உள்ள வெள்ளைக் கட்டத்தில் க்ளிக் செய்து 'ஹைப்பர்லிங்க்' பட்டனை அழுத்துங்கள். பிறகு '#'க்குப் பின்னால் உள்ள கட்டத்தில் க்ளிக் செய்து மீண்டும் ஒருமுறை அழுத்துங்கள். தலைப்பு முதல் பக்க எண் வரை முழு வரியும் இணைப்பாகிவிடும். போனில் விரலால் தொடுபவர்களுக்கு இது வசதி. பக்கத்தில் இருக்கும் 'ஆல்' பட்டனை அழுத்தினால் எல்லா மட்டங்களுக்கும் இதே அமைப்பு போகும். அழுத்த மறந்தால் அத்தியாயம் மட்டும் வேலை செய்யும், உள்தலைப்பு செய்யாது. இணைப்பெல்லாம் நீல நிறத்தில் அடிக்கோட்டுடன் வந்தால், 'எல்.எஸ்' பட்டனைத் தேர்வு செய்து அதன் 'கேரக்டர் ஸ்டைல்' இடத்தில் 'நன்' கொடுங்கள்.

புள்ளிகளைக் கையால் அடிக்கவே வேண்டாம். 'டி' பட்டனைத் தேர்வு செய்து, நிரப்பும் எழுத்தாகப் புள்ளி கொடுத்து, 'அலைன் ரைட்' டிக் செய்தால் பக்க எண்கள் வலது ஓரத்தில் நேராக நிற்கும்.

படி 5: அழகை எங்கே மாற்றுவது?

பொருளடக்கத்தின் மேலேயே நேராக எழுத்தைப் பெரிதாக்கினால், அடுத்த முறை 'அப்டேட்' கொடுத்தவுடன் எல்லாம் அழிந்துவிடும். எப்11 அழுத்தி ஸ்டைல் பட்டியலைத் திறந்து, 'கன்டென்ட்ஸ் 1', 'கன்டென்ட்ஸ் 2', 'கன்டென்ட்ஸ் ஹெடிங்' ஆகிய ஸ்டைல்களில் மாற்றுங்கள். அது நிலைத்திருக்கும்.

இங்கேதான் படி 1ல் சொன்னது பயன்படும். ஃபாண்ட் பக்கத்தில் 'வெஸ்டர்ன்' என்ற இடத்தில் அளவை 14 ஆக்கிவிட்டு, "தமிழ் மாறவே இல்லையே" என்று திகைப்பவர்கள் ஏராளம். நானும் அரைமணி நேரம் திகைத்தேன். தமிழுக்குக் 'காம்ப்ளெக்ஸ்' என்ற இடத்தில் மாற்றவேண்டும். இரண்டு இடத்திலும் அளவு ஒன்றாக இருந்தால்தான் தமிழ் எழுத்து ஒரு பருமனிலும் எண்கள் வேறு பருமனிலும் வராமல் இருக்கும். ஃபாண்டுக்கு நிர்மலா யு.ஐ. அல்லது இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழ் பயன்படுத்தலாம்.

படி 6: பி.டி.எப். ஆக்கும்போது

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 'பிரிண்ட்' கொடுத்து அங்கே பி.டி.எப். பிரிண்டரைத் தேர்வு செய்தால், வருவது தாளின் படம்போன்ற ஒரு பைல். இணைப்புகள் போய்விடும். 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்', பிறகு 'எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எப்.' என்றே போங்கள். 'ஜெனரல்' பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் அவுட்லைன்ஸ்' டிக் இருக்கட்டும். பழைய பதிப்புகளில் இது 'புக்மார்க்ஸ்' என்று இருக்கும். யூனிகோடுக்கு மாறிவிட்டதால் இப்போது இடப்பக்கப் பட்டியலில் தலைப்புகள் தெளிவான தமிழில் தெரியும்.

அத்தைக்காக இன்னொன்றும் செய்தேன். பொருளடக்கத்துக்கு மேலே ஒரு காலி வரியில் 'இன்சர்ட்' மெனு வழியாக ஒரு 'புக்மார்க்' வைத்தேன். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் 'பொருளடக்கத்துக்குத் திரும்ப' என்று அடித்து, 'ஹைப்பர்லிங்க்' டயலாக் பாக்ஸின் 'டாக்குமெண்ட்' பகுதியில் அந்தப் புக்மார்க்கைக் கொடுத்தேன். 170 பக்கம் விரலால் தள்ளிக்கொண்டு திரும்பும் வேலை அவருக்கு மிச்சம்.

இன்டிசைன் பயன்படுத்துபவர்களுக்கு

பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த அடோபியின் இன்டிசைன் 1999ல் வெளியானது. தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு அதில் முறையாக இடம் கிடைத்தது 2012ல் வந்த சி.எஸ்.6ல். 'லேஅவுட்' மெனுவில் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' எடுத்து, எந்த ஸ்டைல்கள் பொருளடக்கத்தில் வரவேண்டும் என்று சேர்த்து, 'கிரியேட் பி.டி.எப். புக்மார்க்ஸ்' டிக் செய்யுங்கள். பி.டி.எப். எக்ஸ்போர்ட் செய்யும்போது 'புக்மார்க்ஸ்', 'ஹைப்பர்லிங்க்ஸ்' இரண்டும் டிக் இருக்கவேண்டும்.

தமிழில் வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. புத்தகத்தின் உள்ளே எழுத்து சரியாக இருக்கும், பொருளடக்கத்தில் மட்டும் கொம்பு இடம் மாறி வரும். யூனிகோடில் 'கெ' என்பதில் 'க' முதலிலும் கொம்பு பின்னாலும் சேமிக்கப்படுகிறது. அதைத் திரையில் முன்னால் கொண்டுவந்து காட்டுவது 'வேர்ல்ட் ரெடி' கம்போசரின் வேலை. உள்பக்க ஸ்டைலில் அதைக் கொடுத்திருப்பார்கள், பொருளடக்க ஸ்டைலில் மறந்திருப்பார்கள். அந்த ஸ்டைலின் 'ஜஸ்டிஃபிகேஷன்' பகுதியில் கம்போசரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

அனுப்பும் முன் ஐந்து நிமிடம்

ரைட்டரில் வேலை முடிந்ததும் பொருளடக்கத்தில் ரைட் க்ளிக் செய்து 'அப்டேட் இண்டெக்ஸ்' கொடுங்கள். கடைசியாக ஒருமுறை படம் சேர்த்திருந்தாலும், ஒரு பத்தியை எடுத்திருந்தாலும் இதைச் செய்தே ஆகவேண்டும். பக்க எண் தானாக மாறாது, நாம் சொன்னால்தான் மாறும். பிறகு பி.டி.எப். பைலைப் போனில் திறந்து முதல் தலைப்பு, நடுவில் ஒன்று, கடைசித் தலைப்பு மூன்றையும் தொட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பைலைத் திறக்கும்போது சில போன்களில் இணைப்பு வேலை செய்யாமல் போகலாம். அக்ரோபேட் ரீடரில் திறக்கச் சொல்லுங்கள். ரைட்டருக்குள்ளேயே சோதிப்பதானால் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு க்ளிக் செய்யவேண்டும்.

எனக்கு மூன்று மாலை நேரம் பிடித்தது. புதிய பைலை அனுப்பிய அன்றிரவே அத்தை போன் செய்தார். மாமாவின் அத்தியாயத்தை முழுவதும் படித்திருந்தார். குரல் கொஞ்சம் கரகரத்தது. ஆனால் பாராட்டோடு நிறுத்தவில்லை.

"தலைப்புல 'மாமா'ன்னு போட்டிருக்கியே, உனக்குத்தானே மாமா? ஊருக்கெல்லாமா மாமா? அவர் பேரைப் போடு."

பெரியப்பாவிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். அத்தியாயத்தின் தலைப்பில் மாமாவின் முழுப்பெயரை அடித்தேன். ரைட் க்ளிக், 'அப்டேட் இண்டெக்ஸ்'. பொருளடக்கத்தில் பெயர் மாறியது, இணைப்பும் சரியாக இருந்தது. ஒரு நிமிட வேலை. உங்கள் புத்தகத்திலும் கடைசி நேரத்தில் இப்படி ஒரு திருத்தம் நிச்சயம் வரும். இப்போதே தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுத்து வைத்துவிடுங்கள்.